வருவா ஐயா

முப்பது குதிரை நின்ன எடத்துல அறுபது பிள்ளைங்க படிக்கலாம்னு ஒரு காலத்துல ஏதோ ஒரு கலெக்டர் கணக்குப் போட்டாரு பாருங்க, அதுதான் எங்க ஸ்கூலோட மொத்த வரலாறு, மிச்சமெல்லாம் அதுக்கு மேல பூசுன சுண்ணாம்பு. மேலச்சுனைல பாறைக்கு அடில ஒரு ஜமீனோட குதிரை லாயம் சும்மா கெடந்துச்சு, அத கவர்மெண்டு எடுத்துச்சு, ஒரு தடுப்புக்கு ஒரு பெஞ்சு, ஒரு பெஞ்சுக்கு ரெண்டு பேரு, ஆகமொத்தம் அறுபது. அப்புறம் மாடி வந்துச்சு, லேப் வந்துச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு, அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேராகி புதுக் கம்ப்யூட்டரும் வந்துச்சு, ஆனா வகுப்புக்கு அறுபதுங்கிறது மட்டும் மாறவே இல்ல. ஒன்பதாம் வகுப்புல சேர ஜில்லா பூரா பரீட்சை வெப்பாங்க, ஆயிரக்கணக்குல பிள்ளைங்க வந்து எழுதுவாங்க, அறுபது பேர எடுப்பாங்க, மத்தவங்க எல்லாரும் வந்த பஸ்லயே திரும்பிப் போயிருவாங்க. ஏன் அறுபதுன்னு யாரும் கேட்டதில்ல. கேட்டிருந்தா குதிரைன்னுதான் பதில் சொல்லிருக்கணும்.

இருங்க, இன்னொண்ணையும் இப்பவே சொல்லிரணும், இல்லன்னா மத்தது எதுவும் புரியாது. எங்க ஸ்கூல்ல காலைல பேர் கூப்பிடும்போது வந்திருக்கவன் உள்ளேன் ஐயாம்பான், அது எல்லா ஊர்லயும் இருக்கதுதான். ஆனா வராதவன் பேரக் கூப்பிட்டா எங்க வகுப்பு சும்மா இருக்காது, எல்லாரும் சேந்து ஒரே கொரல்ல "வருவான் ஐயா"ன்னு சொல்லணும், பொம்பளப் பிள்ளைன்னா "வருவா ஐயா". ரொம்ப முன்னாடி ஒரு அம்மை வருசத்துல பாதி வகுப்பு காலியாக் கெடந்தப்ப, அந்தப் பேரையெல்லாம் அடிச்சிட்டுப் புதுப் பிள்ளைங்கள எடுக்கலாம்னு வாத்தியார் சிவப்பு மையத் தொட்டாராம், மிச்சம் இருந்த பிள்ளைங்க "வருவாங்க ஐயா, வருவாங்க ஐயா"ன்னு ஒவ்வொரு பேருக்கும் கத்துச்சாம், கத்துன பேரெல்லாம் ஒவ்வொண்ணா எந்திரிச்சு வந்துச்சாம். அன்னைலருந்து அதுதான் சட்டம். வகுப்பு வருவான்னு சொன்னா அந்த எடத்த யாரும் தொடக்கூடாது. வகுப்பு வாயத் தொறக்கலன்னா பேர அடிச்சிரலாம். அப்படி அடிச்ச பேருன்னு ஒண்ணு அதுவரைக்கும் இருந்ததே இல்ல.

நாங்க சேந்த வருசம், மொத நாளு, தங்கப்பழம் சார் வந்து மூக்குக் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டுப் பேர் கூப்பிட ஆரம்பிச்சாரு. அவருதான் கணக்கு சாரு, எங்க வகுப்பு சாரும் அவருதான். ஒண்ணாவது பேருலருந்து வரிசையா வந்து அறுபதாவதா "பஷீரா பானு"ன்னாரு, கடைசி பெஞ்சு ஓரத்துல இருந்த பஷீரா "உள்ளேன் ஐயா"ன்னா. அதோட மூடி வெச்சிருக்கணும். ஆனா ஆபீஸ்ல டைப் அடிச்சவங்க ஒரு பேரு கூடுதலா அடிச்சிட்டாங்க, சாரும் வந்த வேகத்துல "இசக்கிரேவதி, நொச்சிக்காடு"ன்னு அதையும் கூப்பிட்டுட்டாரு. பதில் இல்ல. முந்தின நாள் அட்மிசனுக்கு வந்தப்பதான் சீனியருங்க எங்கள கேட் வாசல்ல நிப்பாட்டி வருவா சொல்லப் பழக்கிருந்தாங்க, எப்படா சான்ஸ் கெடைக்கும்னு தொண்டையத் தயாரா வெச்சிருந்தோம், கூரை ஓடெல்லாம் அதிர்ற மாதிரி சொன்னோம்:

"வருவா ஐயா!"

சார் நிமிந்து பாத்தாரு. "யாருல வருவா? அறுபது பேரும் இங்கதானல இருக்கீங்க?"

"தெரியாது சார். நீங்க கூப்பிட்டீங்க, நாங்க சொன்னோம்"னான் ஞானதாஸ். அவன் வாய் மூடி இருந்தத எங்கள்ல யாரும் பாத்ததில்ல.

சார் சிவப்புப் பேனாவ எடுத்தாரு, கொஞ்ச நேரம் கையிலயே வெச்சிருந்தாரு, அப்புறம் சட்டப்பைல போட்டுட்டாரு. வகுப்பு சொல்லிருச்சு, இனி அடிக்க முடியாது.

மறுநாள் காலைல பேர் கூப்பிட்டாரு. அறுபதுக்கு அப்புறம், பழக்க தோசத்துல, இசக்கிரேவதின்னாரு. பஷீராவுக்குப் பக்கத்துல, செவுத்துல குதிரையக் கட்டுற இரும்பு வளையம் ஒண்ணு இருக்கும், அந்த வளையத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவுல இருந்து, பஸ்ஸுக்கு ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டு, ஒரு கொரல் மட்டும் சொல்லுச்சு:

"உள்ளேன் ஐயா."

சார் டிக் போட்டுட்டு அல்ஜீப்ரா ஆரம்பிச்சாரு.

இசக்கி யாருன்னு அதுவே இன்டர்வெல்ல சொல்லுச்சு. நொச்சிக்காட்டுக்காரி. பரீட்சைல அவளும் பஷீராவும் ஒரே மார்க்கு. மார்க்கு ஒண்ணா இருந்தா வயசுல மூத்தவங்களுக்குத்தான் எடம்னு ரூல், பஷீரா ஒரு நாள் மூத்தவ. அதனால இசக்கி அவ ஊரு ஹைஸ்கூல்லயே ஒன்பதாம் வகுப்புல சேந்துட்டா. அன்னைக்குக் காலைல முதல் பெல் நேரத்துல "அம்மா தண்ணி"ன்னு கேக்கப் போயிருக்கா, கேக்க முடியல, கொரல் கெளம்பி வந்திருச்சு. "யாரோ ரொம்பப் பேரு கூப்பிட்டீங்க, என்னால இருக்க முடியல"ன்னு சொல்லுச்சு. சாயங்காலம் கடைசி பெல் அடிச்சதும் கெளம்பிப் போயி அவ தொண்டைல ஏறிக்கிரும், காலைல திரும்ப வந்துரும். பின்னால ஒரு நாள் அவ அம்மா அவள பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா, ஆனா வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு மேலதான் போக முடியும், அந்நேரம் இவ கணீர்னு பேசுவா, டாக்டர் அவ அம்மாவத்தான் ஒருமாதிரி பாத்து அனுப்பினாராம்.

கொரல் வந்த அன்னைக்கே பஷீரா ஒரு வேலை செஞ்சா. பெஞ்சுல ஒரு சாண் நகந்து உக்காந்தா.

அதுக்கப்புறம் எல்லாம் பழகிருச்சு. சத்துணவு பேச்சியக்கா ஒரு முட்டை கூடுதலா அவிக்க ஆரம்பிச்சாங்க, கொரலால சாப்பிட முடியாதுன்னு நாங்க சொன்னதுக்கு "சாப்பிடாட்டி என்ன, பந்தில எல போடாம விடக்கூடாதுல்லா"ன்னாங்க, அந்த முட்டை யாருக்குன்னு தினம் ஒரு சண்டை, கடைசில கொரலே ஆளு சொல்லும், "இன்னைக்கு மூணாவது பெஞ்சு, நாளைக்கு நாலாவது, ஞானதாசுக்கு எப்பவுமே கெடயாது". பி.டி. சார் அத ரன்னிங் கமெண்டரிக்கு வெச்சுக்கிட்டாரு. எழுதுற பரீட்சை அதுக்குக் கெடயாது, வாய்மொழியாத்தான், கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துரும். பெத்தவங்க மீட்டிங்குல ஒருத்தரு எந்திரிச்சு கொரலு மொத ரேங்க் வாங்கிட்டா எம்பையன் ரெண்டாவதாயிருவானேன்னு சத்தம் போட்டாரு, இன்னொருத்தரு எம்மகளும் கொரல மட்டும் அனுப்பிட்டுக் கடைல நின்னா எனக்கு ஒத்தாசையா இருக்கும், அதுக்கு எங்க எழுதிக் குடுக்கணும்னு கேட்டாரு. ஹெச்.எம். கிரேஸ் டீச்சர் "கொரலுக்கு ரேங்க் கெடயாது, புதுசா யாரும் அனுப்பவும் வேண்டாம்"னு ரெண்டு பேரையும் உக்கார வெச்சாங்க. இன்ஸ்பெக்சன் வந்த அதிகாரி தலைய எண்ணுனாரு, அறுபது. பேர் கூப்பிடச் சொல்லி சத்தத்த எண்ணுனாரு, அறுபத்தொண்ணு. மறுபடியும் எண்ணுனாரு. அப்புறம் டீ குடிச்சிட்டு, நல்ல சத்தமான வகுப்புன்னு எழுதி வெச்சிட்டுப் போயிட்டாரு.

"ஏட்டி இசக்கி, ஒனக்கு யூனிஃபார்ம் செலவே இல்ல, குடுத்து வெச்சவட்டி நீ"ம்பான் ஞானதாஸ்.

"ஒனக்கு மூளைச் செலவு இல்லாத மாதிரி"ன்னு திரும்ப வரும்.

ஜில்லா பேச்சுப் போட்டிக்கு ஹெச்.எம். அதத்தான் கூட்டிட்டுப் போனாங்க. காலி மேடை, காலி மைக்கு, முன்னாடி மூணு நடுவருங்க. கருத்துக்கு மார்க்கு, உச்சரிப்புக்கு மார்க்கு, கொரல் வளத்துக்கு மார்க்கு, மேடைத் தோற்றத்துக்கும் மார்க்கு. மேடைத் தோற்றத்துக்கு சைபர் வாங்குச்சு, ஆனாலும் மொதப் பரிசு அதுக்குத்தான். அந்த ஷீல்டு ஹெச்.எம். ரூம்ல மேசை மேலயே இருந்துச்சு, யாரு வந்தாலும் அதுக்குப் பின்னாடி இருந்துதான் அவங்க முகம் தெரியும். அடுத்தது மாநிலப் போட்டி, சென்னைல, பொங்கல் கழிஞ்சு.

அரையாண்டுப் பரீட்சை நெருங்குன சமயம், ஒரு நாள் முட்டை யாருக்குன்னு கேட்டதுக்குக் கொரல் ஒண்ணும் சொல்லல. யாரோ எடுத்துத் தின்னுட்டாங்க, அதுக்கும் ஒண்ணும் சொல்லல. பஷீரா வளையத்துப் பக்கம் குனிஞ்சு கேட்டா.

"என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லங்கிறத இப்படியாட்டி சொல்லுவாங்க?"

அப்புறம்தான் அது சொல்லுச்சு. நொச்சிக்காட்டு ஸ்கூல்லயும் காலைல பேர் கூப்பிடுறாங்க. அந்த சார் தலைய நிமித்தவே மாட்டாரு, காதால கேட்டு டிக் போடுறவரு. இசக்கி மொத பெஞ்சுல கையத் தூக்கிட்டு நிக்கா, கொரல் இங்க இருக்கு, அங்க ஆப்சென்ட். பக்கத்துல இருக்க பிள்ளைங்க "சார், இவ வந்திருக்கா"ன்னு சொன்னதுக்கு "அவளுக்கு வாய் இல்லையா, திமிராக்கும், அவளே சொல்லட்டும்"னு சொல்லிட்டாரு. தினமும் காலைல உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லைன்னு அவ அப்பா போனுக்கு மெசேஜ் போகுது. அவரு கண்ணு முன்னாடிதான் பைய மாட்டிட்டுப் போறா, போன அரமணி நேரத்துல மெசேஜ் வருது. மொதல்ல அடிச்சாரு. அப்புறம் அடிக்கறதையும் விட்டுட்டாரு. போன வாரம் மில்லு ஏஜெண்ட் ஒருத்தன் வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போயிருக்கான், பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஹாஸ்டல், சாப்பாடு, நூல் மில்லுல வேலை. பொங்கல் கழிஞ்சதும் வேன் வரும்.

"நீ இங்க வராம அங்கயே இருந்திரு"ன்னா பஷீரா.

"என்னால முடியலட்டி. நீங்க கூப்பிட்டீங்க. சார் தெனமும் கூப்பிடுதாரு. கூப்பிட்டா வந்துருதேன்."

பஷீரா எல்லாத்தையும் சொன்னதால, மறுநாளு பேர் கூப்பிடும்போது தங்கப்பழம் சாரு அறுபதோட நிறுத்திப் பாத்தாரு. "ஐயா, என் பேர விட்டுட்டீங்க"ன்னு கொரல் கேட்டுச்சு, அழுற மாதிரிதான் கேட்டுச்சு, ஆனா கேக்காம இருக்க அதால முடியல. அப்புறம் நாங்க எல்லாரும் ஹெச்.எம். ரூமுக்குப் போனோம், கொரலும்தான். இசக்கியவே இங்க சேத்துக்கிட்டா கொரலும் ஆளும் ஒரே எடத்துல இருக்கும்லான்னு பஷீரா கேட்டா.

ஷீல்டுக்குப் பின்னாடி இருந்து கிரேஸ் டீச்சர் சொன்னாங்க, "எடம் எங்கம்மா இருக்கு? அறுபதுன்னா அறுபதுதான். மேலிடத்துலயும் கேட்டுப் பாத்துட்டேன், கொரலுக்குச் சேர்க்கை விதி இல்லங்காங்க. மாநிலப் போட்டி முடியட்டும், அதுக்கப்புறம் பேசுவோம்."

"போட்டி பொங்கலுக்கு அப்புறம் டீச்சர். வேனும் பொங்கலுக்கு அப்புறம்தான்"னுச்சு கொரல்.

டீச்சர் ஷீல்ட ஒரு பக்கமா நகத்தி வெச்சாங்க, எங்களப் பாத்தாங்க.

அடுத்த நாள் பஷீரா அவ பேரக் கூப்பிட்டப்ப பதில் சொல்லல. பெஞ்சுலதான் இருந்தா, கைய மடியில வெச்சுக்கிட்டு, உதட்ட இறுக்கி மூடிக்கிட்டு. அவ பேர அடிச்சாத்தான் ஒரு எடம் காலியாகும்னு எங்க யார்கிட்டயும் சொல்லாம அவளே முடிவு பண்ணிட்டா. ஆனா எங்க வாய் எங்க பேச்சக் கேக்கல. ஆறு மாசமாப் பழகுன வாயி. "வருவா ஐயா"ன்னு அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னோம்.

"ஏன்ல சொன்னீங்க? சொல்லாம இருந்தா என்ன?"ன்னு அவ கத்துனா. அவ்வளவு கோவமா அவள நாங்க பாத்ததில்ல.

"ஒம் பேர எப்படிட்டி அடிக்க விடுவோம்?"னான் ஞானதாஸ்.

சாயங்காலம் பெல் அடிச்சது. எப்பவும் மொத ஆளாக் கெளம்புற கொரல் அன்னைக்குக் கெளம்பல, எங்களையும் போக விடல. பெருக்க வந்த அக்கா வெளக்கமாத்த வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னாங்க.

"எல்லாரும் கேளுங்க. நாளைக்கு என் பேரக் கூப்பிடும்போது நான் பதில் சொல்லாம இருக்கப் பாக்கேன். பெரிய கஷ்டம்தான், இருந்தாலும் ஒரு தடவ முடியும்னு நெனைக்கேன். ஆனா நீங்க வருவான்னு சொல்லிராதீங்க. சொன்னீங்கன்னா நான் வந்துருவேன். நான் வந்தா அவ போயிருவா."

"அப்ப பேர அடிச்சிருவாங்களே"ன்னு யாரோ சொன்னாங்க.

"ஆமா."

"திரும்ப வரவே முடியாதே."

"ஆமால. அதுக்குத்தான் சொல்லுதேன்." அப்புறம் கொஞ்சம் சிரிச்சுச்சு. "நாளைக்கு முட்டை ஞானதாசுக்கு."

மறுநாள் காலைல பேச்சியக்கா சமையலறைய விட்டுட்டு வாசல்ல வந்து நின்னாங்க, ஹெச்.எம்.மும் வந்து நின்னாங்க, அவங்களுக்கு யாரு சொன்னான்னு தெரியல. தங்கப்பழம் சார் ஒண்ணுலருந்து கூப்பிட்டாரு, ஒவ்வொருத்தரா உள்ளேன் சொன்னோம், பஷீராவும் சொன்னா. சாரு கண்ணாடிய எறக்கித் தொடச்சாரு, மறுபடியும் போட்டாரு.

"இசக்கிரேவதி."

வளையத்துப் பக்கம் மூச்சு வாங்குறது மட்டும் கேட்டுச்சு, தண்ணிக்குள்ள மூழ்கி இருக்கவங்க மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்க மாதிரி. நாங்க அறுபது பேரும் வாய மூடிட்டு இருந்தோம். சும்மா இருக்கதுன்னா என்னன்னு எங்க ஸ்கூலுக்கு யாரும் சொல்லிக் குடுத்ததில்ல, கேள்வி கேட்டா மொத ஆளா கையத் தூக்குனதாலதான் எங்கள அங்க எடுத்ததே. ஞானதாஸ் அவன் முழங்கையக் கடிச்சுக்கிட்டு இருந்தான். பஷீரா அந்த இரும்பு வளையத்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருந்தா.

"இசக்கிரேவதி"ன்னாரு சாரு ரெண்டாவது தடவ. நாங்க சொல்லிருவோமோன்னு அவரும் பயந்தாரு, சொல்ல மாட்டோமோன்னும் பயந்தாரு.

யாரும் சொல்லல.

சார் சட்டப்பைல இருந்து சிவப்புப் பேனாவ எடுத்தாரு. மொத நாளு வெச்ச அதே பேனாதான். ஒரு கோடு போட்டாரு. கோடு போட்ட சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு, வளையம் லேசா ஒரு தடவ ஆடுச்சு, ஆடி நின்னுருச்சு. சார் அல்ஜீப்ரா நடத்தல, வெளிய போயி குழாய்ல மொகத்தக் கழுவிட்டு வந்தாரு. மத்தியானம் ஞானதாசுக்கு முட்டை வந்துச்சு, அவனால திங்க முடியல, தட்டோட கொண்டுபோயி வளையத்துக்கு அடில வெச்சிட்டு வந்தான். மாநிலப் போட்டிக்கு எங்க ஸ்கூல்ல இருந்து யாரும் போகல. பஷீரா நகந்து உக்காந்த அந்த ஒரு சாண் எடம் அப்படியே இருந்துச்சு, யாரும் போய் ஒக்காரல.

அடுத்த வருசம் ஜில்லா பேச்சுப் போட்டில நொச்சிக்காட்டுல இருந்து ஒரு பிள்ளை வந்திருந்தா. குட்டையா, எண்ணெ வழிய ரெட்டச் சடை போட்டுக்கிட்டு, மைக்க எட்டிப் பிடிக்க ஒரு ஸ்டூலு போட்டாங்க. வாயத் தொறந்து அவையோர்க்கு வணக்கம்னா, நாங்க அத்தன பேரும் சேர்ல இருந்து எந்திரிச்சிட்டோம். எங்காளு ரெண்டாவதுதான். ஷீல்டு நொச்சிக்காட்டுக்குப் போச்சு, இந்தத் தடவ மேடைத் தோற்றத்துக்கும் மார்க்கு விழுந்துச்சு. எங்க ஹெச்.எம். ரூம்ல மேசை காலியாச்சு, கிரேஸ் டீச்சர்தான் எல்லாருக்கும் முன்னாடி கை தட்டுனாங்க.

வெளிய வேப்பமரத்துக்கு அடில பஷீராவும் அவளும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒருத்திக்கு மத்தவ மொகம் புதுசு.

"இவ்ளோ குட்டையாட்டி நீ? கொரல வெச்சு நல்ல ஒசரம்னு நெனச்சேன்"னா பஷீரா.

"நீதானட்டி ஒரு நாள் மூத்தவ. வளந்திருக்க வேண்டியது நீ."

அப்புறம் அவ சொன்னா. அந்த நாளு காலைல அவ ஊரு ஸ்கூல்ல பேர் கூப்பிட்டப்ப அவ போட்ட உள்ளேன் ஐயால அந்த சாரு ஆறு மாசத்துல மொத தடவையா தலைய நிமித்திப் பாத்தாராம். அப்பா போனுக்கு மெசேஜ் வரல. அவரு சாயங்காலம் வரைக்கும் போன எடுத்து எடுத்துப் பாத்தாராம், வேன்காரன் வந்தப்ப அவ ஸ்கூலுக்குப் போறான்னு சொல்லி அனுப்பிட்டாராம். "அதெல்லாம் சரிட்டி, அதுக்கு மறுநாளு நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்"னா.

"என்ன தப்பு?"

"எங்க வகுப்புல மாரிச்செல்வம்னு ஒருத்தன், பரீட்சைக்கு முன்னாடியே வேலைக்குப் போயிட்டான், தீப்பெட்டி ஆபீசுக்கு. பேரு மட்டும் இருந்துச்சு. சாரு கூப்பிட்டுட்டு அடுத்த பேருக்குப் போகப் போனாரு. எனக்கு ஒங்க பழக்கம், சும்மா இருக்க முடியல. வருவான் ஐயான்னு சொல்லிட்டேன். நான் ஒருத்திதான் சொன்னேன்."

மறுநாளு காலைல ஜன்னலோரம் இருந்து ஒரு கொரல் உள்ளேன் ஐயான்னு கத்துச்சாம், மிஷினுக்கு மேல கத்திப் பழகுன கொரலு, பக்கத்து வகுப்புல எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டாங்களாம். அங்க தீப்பெட்டி ஆபீசுல மேஸ்திரி என்ன கேட்டாலும் பயலு ஆ ஊன்னு கூட சொல்லல, திருப்பிப் பேசாத பயல வெச்சு என்ன செய்யன்னு ஒரு வாரம் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாரு. மறுநாள் அவன் அவனோட கொரலுக்குப் பக்கத்துலயே வந்து உக்காந்துட்டான். அதுக்கப்புறம் வகுப்பு முழுக்க அதப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆடு மேய்க்கப் போனவன் பேரு, தம்பியப் பாத்துக்க நின்னவ பேரு, கல்யாணம் பேசி வெச்சிருந்தவ பேரு, போன வருசம் அடிச்சதால சாரு கூப்பிடாத பேரு, எல்லாத்துக்கும் அவங்களாவே சொல்றாங்களாம். கொரலு மொதல்ல வருது, ஆளு பின்னாடி வருது.

"எத்தன பேருட்டி இப்ப ஒங்க வகுப்புல?"ன்னு பஷீரா கேட்டா.

இசக்கி யோசிச்சா. "தெரியலட்டி. தரைல பாய் போட்டிருக்கோம், வராந்தாலயும் இருக்காங்க. எங்க ஸ்கூலு குதிரைக்குக் கட்டுனது இல்லல்லா."